சூட்டுக்கு வைத்தியம்

“நீயே கேளுப்பா. நாலு பவர்லூம் ஒண்ணா ஓடுற மாதிரி கத்துது!”

கையில் ஒரு கிண்ணத்தோடு நின்று புலம்பினார் ஜெயவேல். பட்டுச்சேலைக்கு பார்டர் டிசைன் போடும் அவருக்கு ஏழு வருடமாகச் சோறு போடுவதே அந்தக் கம்ப்யூட்டர்தான். இப்போது பத்து நிமிடத்தில் கொதித்துத் தானாகவே அணைந்துவிடுகிறது. நாளைக்குள் முகூர்த்தச் சேலை டிசைனை ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தாக வேண்டும்.

கண்ணமங்கலத்திலிருந்து வந்திருந்த மெக்கானிக் கோகுல்ராஜ், பெட்டியில் காதை வைத்துக் கேட்டான்.

“ஃபேன் நல்லாத்தான் சுத்துதுங்க. காத்துதான் வெளிய போவல.”

“எப்படிப் போவும்? இவ பக்கத்துலயே தாளிச்சிகினு இருந்தா புகை அடையாதா?” ஜெயவேல் மனைவியை முறைத்தார். பரிமளா கரண்டியோடு வந்து நின்றாள்.

கோகுல்ராஜ் பெட்டியைத் திருப்பினான். பின்பக்கத்து ஓட்டைகள் அத்தனையும் மஞ்சளாக, கெட்டியாக அடைத்திருந்தன. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி முகர்ந்து பார்த்தான்.

“சந்தனங்க! ஆயுத பூஜைக்கு ஒரு பொட்டு வெச்சா போதாதா? ஒரு ஓட்டை விடாம அப்பியிருக்குது. எந்தப் புண்ணியவான் வேலைங்க இது?”

இப்போது பரிமளா வாயைத் திறந்தாள். “சந்தனம் குளிர்ச்சியாம். சத்தம் ஏற ஏற, வெள்ளிக்கெழமை தவறாம இவருதான் அரைச்சி அப்பிகினு இருக்காரு.”

ஜெயவேல் கிண்ணத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அன்று வெள்ளிக்கிழமை.