ராஜலிங்கத்துக்கு விளங்காத பக்கம்

"மன்னிச்சுக்கங்கண்ணே, இந்த எடம் மட்டும் இன்னும் வெளங்கல," என்று தலையைச் சொறிந்தான் ராஜலிங்கம். எழுதிக் கொடுத்த வீரய்யாவுக்கு அழுகைதான் வந்தது.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் அந்தத் தனியார் வைத்தியசாலையின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் வீரய்யாவின் கைக்குள் இருந்தன. அவர் ஒரு நாள் லீவு போட்டால் பில்லும் வராது, லேப் ரிப்போர்ட்டும் வராது. வேலையை விடுகிறேன் என்றதும் மெனேஜர் தனபாலன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"எல்லாத்தையும் எழுதி வைங்க. உங்க அசிஸ்டன்ட் ராஜலிங்கம் அதைப் பாத்துத் தனியா செஞ்சு காட்டி, 'பொறுப்பேற்றேன்'னு கையெழுத்து வைக்கணும். அப்பதான் ரிலீஸ் லெட்டர்."

அந்த லெட்டர் இன்று ஐந்து மணிக்குள் கொழும்புக் கம்பெனிக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் கிடைத்த வேலை இன்டர்வியூவில் இரண்டாவதாக வந்த ஆளுக்கு.

சம்பளத்துக்காக இந்தப் பாடு இல்லை. மனைவி சீதா கொழும்பில் டீச்சர். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து ஓடும் அப்பனைப் பார்த்து, இரண்டு வயது மகள் போன கிழமை "மாமா, டாட்டா" என்று கையசைத்துவிட்டாள். மனிதர் கண்டி வரும்வரை பஸ்ஸில் முகத்தை மூடிக்கொண்டே வந்தார்.

காலையிலிருந்து மூன்று தரம் திருத்தி எழுதியாகிவிட்டது. எந்த வயர், எந்த பட்டன், எந்த லைட் சிவப்பானால் என்ன செய்வது என்று குழந்தைக்குச் சோறு பிசைவது போலக் குழைத்து எழுதியிருந்தார். வாங்கி வைத்த சோற்றுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது.

பழகுவதற்கென்று வைத்திருந்த பழைய சேர்வரின் முன் ராஜலிங்கம் மறுபடி உட்கார்ந்தான்.

"இப்ப?"

"பேக்கப் எடுக்கிற எடத்துல திரும்பச் சிக்கிக்கிச்சுண்ணே."

"அட கடவுளே! நாலரை தாண்டிருச்சுய்யா!"

"பதறாதீங்க. அந்தக் கொழும்புக் கம்பெனி மேடம் அஞ்சுன்னா அஞ்சுதான். அதுக்குள்ள முடிச்சிருவோம்."

வீரய்யா இருந்த இருப்பில் எதுவும் காதில் ஏறவில்லை. மெனேஜரின் அறைக்கு ஓடினார்.

"கையெடுத்துக் கும்பிடுறேன் சேர். லெட்டரை மட்டும் குடுங்க. ராவெல்லாம் இருந்து அவனுக்குச் சொல்லிக் குடுத்துட்டே போறேன்."

"நோயாளிங்க உசிரு விஷயம் வீரய்யா. கையெழுத்து இல்லாம நான் தர ஏலாது."

திரும்பி ஓடிவந்து பக்கத்தில் நின்று நாலாவது தரமும் எழுதினார். ராஜலிங்கம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். ஐந்து மணி தாண்டியது.

வீரய்யா கதிரையில் சரிந்து, வெட்கத்தை விட்டு அழுதார். ராஜலிங்கம் பிளேன்டீ ஒன்று கொண்டுவந்து வைத்து, தோளைத் தட்டினான். "நான் மக்குண்ணே. எல்லாம் என்னாலதான்."

அவனுடைய போன் அடித்தது. வெளியே போனான். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"ஆமா மேடம், ரெண்டாவது ஆள் ராஜலிங்கம்தான் பேசுறேன். ரொம்ப நன்றி, திங்கக்கிழமையே வந்துருவேன்... சேச்சே, எங்கிட்ட ஒரு பொறுப்பும் இல்ல, ஒடனே விட்டுருவாங்க."

பிறகு சிரித்தபடி சொன்னான்:

"இங்கதான் வீரய்யா இருக்காரே!"