புதையல் படத்தில் மாப்பிள்ளை

"இதுல எது நீ?"

கொட்டகை இருட்டில் ஆதிமூலம் மறுபடியும் கேட்டார்.

"நான் இன்னும் வரல மாமா" என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த காத்தவராயன்.

திரையில் கதாநாயகன் தீப்பந்தத்தோடு குகைக்குள் போய்க்கொண்டிருந்தான். பின்னாலேயே கதாநாயகி. அவர்களுக்குப் பின்னால் பாம்பு, முதலை, எலும்புக்கூடு எல்லாம் வரிசையாக வந்தன. தயாரிப்பாளரின் மகன் பிரான்சிலிருந்து வந்த டி.வி. விளையாட்டு ஒன்றை ராத்திரி பகலாக ஆடிக்கொண்டிருந்தானாம். அதில் ஒரு பொம்மை பள்ளம் தாண்டி, முதலை தாண்டிப் போய்ப் புதையல் எடுக்கும். அந்தப் பொம்மைக்கு ஒரு காதலியையும் ஆறு பாட்டையும் சேர்த்து முழுப் படமாக்கிவிட்டார் மனிதர்.

பாதிப் படத்தைப் புதுச்சேரிக் கடற்கரையில்தான் எடுத்தார்கள். கடல் பாலத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த காத்தவராயனை, நன்றாக நீந்துகிறான் என்று படக்காரர்கள் டூப் போடக் கூட்டிப் போனார்கள். அவனும் போனோமா வந்தோமா என்று இருந்திருக்கலாம். அஞ்சலாட்சியிடம் சொல்லித் தொலைத்தான். அவள் பெருமை தாங்காமல் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அந்த அப்பாதான் ஆதிமூலம். மகளுக்கு இவன் மேல் ஆசை என்று அவருக்குத் தெரியும். தூரத்துச் சொந்தம், கெட்ட பழக்கம் கிடையாது, அதெல்லாம் சரி. ஆனால் பயல் வாய் திறந்து நாலு வார்த்தை பேசியே யாரும் பார்த்ததில்லை. மில்லில் அதட்டி உருட்டி வேலை வாங்கும் மேஸ்திரியான ஆதிமூலத்துக்குப் பயந்தாங்கொள்ளி என்றாலே வேப்பங்காயாகக் கசக்கும்.

"குதிச்சேன், தாண்டினேன்னு எவன் வேணாலும் சொல்லுவான். நான் என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா அடுத்த முகூர்த்தத்துலயே தாலி. இல்லன்னா அவன் பேச்ச இந்த ஊட்ல எடுக்கக் கூடாது" என்று மகளிடம் சொல்லிவிட்டு, மனைவி ராஜாம்பாளையும் இவனையும் கூட்டிக்கொண்டு படம் வந்த அன்றே வந்துவிட்டார். அஞ்சலாட்சி வீட்டில் சாமி விளக்கை ஏற்றி வைத்துவிட்டுச் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் கதாநாயகன் கயிற்றைப் பிடித்து ஆடி மதில் தாண்டினான். முதுகு மட்டும் தெரிந்தது.

"இது நீதான?"

"இல்ல மாமா. அது மெட்ராஸ் ஆளு."

"வில்லன் பக்கத்துல ஒரு மொட்டை நிக்குதே, அதுவா?"

"அதுவும் இல்ல மாமா."

இடைவேளையில் ராஜாம்பாள் முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும்..."

"எதுவா இருந்தாலும் படத்துல பாத்துக்கறேன்" என்று ஆதிமூலம் வெட்டிவிட்டார்.

இடைவேளைக்குப் பிறகு வந்தது கடல் பாலம். நம்ம ஊர் பாலம் என்று கொட்டகையே கை தட்டியது. கதாநாயகனை வில்லன் ஆட்கள் தூணோடு கட்டிப் போட்டிருந்தார்கள். கதாநாயகி விடவில்லை. புதையல் வரைபடத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு தடியர்களை எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு, பாலத்து உச்சியிலிருந்து தலைகீழாகக் கடலில் பாய்ந்தாள். கட்டின சேலையோடு அலையைக் கிழித்து நீந்திப் போய்ப் படகில் ஏறினாள்.

ஆதிமூலம் எழுந்து நின்று, விரலை வாயில் வைத்து விசில் அடித்தார்.

ராஜாம்பாள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க. பொண்ணக் கட்டிக் குடுக்கற வயசுல விசிலு என்னா விசிலு?"

"அடிப் போடி. இவளப் பாத்து விசிலடிக்கலன்னா வாய் எதுக்கு இருக்குது?"

காத்தவராயன் குனிந்த தலை நிமிரவில்லை.

புதையல் கிடைத்தது, வில்லன் செத்தான், விளக்கு எரிந்தது. வெளியே சைக்கிள் நிற்கிற இடத்தில் ஆதிமூலம் அவனை மடக்கினார்.

"வணக்கம் போட்டு முடிச்சிட்டான். நீ வரவே இல்ல."

"வந்தேன் மாமா."

"எங்க வந்த?"

அவன் சுற்றிலும் பார்த்தான். பாலத்தில் அவனோடு மூட்டை தூக்குகிற பயல்கள் நாலைந்து பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுமே என்று தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண் கலங்கியதைப் பார்த்து ராஜாம்பாளுக்கே பாவமாக இருந்தது.

"பேச்சு வராது. ஏன்னா சொன்னது பொய்யி. என் பொண்ண மறந்துடு" என்றார் ஆதிமூலம். கோபத்தில் சைக்கிளைத் திருப்பியவர், மனது கேட்காமல் மனைவியிடம் திரும்பினார். "இவனெல்லாம் ஒரு ஆம்பள. படத்துல தைரியம்னா அந்தப் பொண்ணு ஒருத்திதான். பாலத்துலேந்து என்னமா பாஞ்சா. நமக்கு மட்டும் ஒரு பையன் இருந்தான்னு வெய்யி, இப்பவே வெத்தலை பாக்கோட போயி அவளையே மருமவளா கேட்டுருப்பேன்."

காத்தவராயன் நிமிர்ந்தான். யார் காதில் விழுந்தாலும் விழட்டும் என்று முதல்முறையாக வாய்விட்டுச் சத்தமாகப் பேசினான்.

"மருமவளா வர முடியாது மாமா, மருமவனா வேணா வரேன். சேலையக் கட்டி, சவுரிய வெச்சி, அந்தப் பொண்ணுக்குப் பதிலா பாலத்துலேந்து குதிச்சது நான்தான்."