கதவு சேதம்

கட்டுப்பாட்டு அறைக்கு வரும் அபயக் குரல்களை நடைவிதிப்படி திருத்தி எழுதுவது பவளக்கொடியின் வேலை. திருத்தாத வாசகத்தை எந்திரம் படிக்காது, யாரையும் அனுப்பாது.

"என் புருஷன் அரிவாளால கதவ வெட்டுறான். என்னையக் கொன்னுருவான். சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று ஒரு பெண் அலறினாள்.

நிரூபிக்காத குற்றச்சாட்டு கூடாது என்று புருஷனையும் அரிவாளையும் நீக்கினாள் பவளக்கொடி. இன்னும் நடக்காதது என்பதால் கொலையும் போயிற்று. கூறியது கூறலாகாது என்று ஒரு 'சீக்கிரம்', பதற்றம் ஆகாது என்று மற்றது. எஞ்சியது, "கதவு சேதமடைகிறது." எந்திரம் பச்சை விளக்கு காட்டியது.

"அக்கா, அந்தப் பொண்ணு கத்துறது கேக்கலையா?" என்றாள் பக்கத்து மேசை சலீமா.

"கேக்குதுடி. கத்துறத எப்படி எழுதணும்னு விதியில இல்லையே."

சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து ஓர் ஆண் பேசினான். "மேடம், கதவு ரிப்பேருக்கு வந்த கார்பெண்டர் பேசுறேன். உள்ள ஒரே ரத்தம். அந்தம்மா கழுத்துல வெட்டு, மூச்சு இருக்கு. அவன் அரிவாளோட என்னையப் பாத்து வர்றான்."

பவளக்கொடி புது வாசகம் எழுதத் தொடங்கினாள். ஆனால் ஒரே சம்பவத்துக்கு இரண்டு விதமாக எழுதினால் எந்திரம் இரண்டையும் தள்ளிவிடும். பழைய வாசகத்தையே மறுபடி அனுப்பினாள்.

எந்திரம் இன்னொரு கார்பெண்டரை அனுப்பியது.