நாற்பத்திரண்டாவது ஓட்டு

இழவு வீட்டில் துக்கம் விசாரிப்பதுபோல, ஒவ்வொருவராக வந்து கடைசி வரிசை உறுப்பினரின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவர் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தரைவிரிப்பின் ஓரத்தில் பிரிந்து கிடந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை மணி நாலு பத்து. ஆளில்லா ரயில்வே கேட்டுகள் எல்லாவற்றிலும் காவலாள் போடவேண்டும் என்று அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா தோற்று இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஆதரவு நாற்பத்தொன்று, எதிர்ப்பு நாற்பத்திரண்டு.

எதிர்க்கட்சிக்காரரின் மசோதா ஜெயிப்பது என்பது குதிரைக்கொம்பு. ஆனால் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு மேல் ஆளுங்கட்சியில் பாதிப் பேர் ஊருக்குப் பெட்டி கட்டிவிடுவார்கள் என்பது எதிர்க்கட்சிக் கொறடாவுக்குத் தெரியும். வாசலில் நின்று தலை எண்ணியிருந்தார். ஆளுங்கட்சிப் பக்கம் நாற்பத்தொன்று, தங்கள் பக்கம் நாற்பத்திரண்டு. அரசு எதைக் கொண்டுவந்தாலும் எதிர்ப்புக்கான சிவப்புப் பொத்தானை அமுக்கியே பதினோரு வருடம் ஓட்டிய கட்சி அது. பச்சையைத் தொட அவர்களுக்கு இன்றைக்குத்தான் வேளை வந்திருந்தது.

யார் எதை அமுக்கினார் என்று குறித்துவைக்கும் வழக்கம் அந்த அவையில் இல்லை. பலகையில் மொத்தம் மட்டும் விழும். தவறாக அமுக்கியவர்கள் எழுந்து சொன்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று சபாநாயகர் வழக்கம்போல் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். ஒருவரும் எழவில்லை. முடிவைப் படித்துவிட்டார், படித்தது படித்ததுதான்.

நடைக்கூடத்தில் தையல்காரம்மா காத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் அப்படி ஒரு கேட்டில் சைக்கிளோடு அடிபட்டுப் போனவன். இரண்டு வருடத்தில் உறுப்பினருக்கு முப்பத்தாறு கடிதம் எழுதியிருந்தாள். மசோதாவின் முதல் பத்தியே அவள் கடிதத்திலிருந்து எடுத்ததுதான். ஓட்டெடுப்பைப் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்திருந்தாள்.

இனி எப்போது வரும் என்று கேட்டாள். இந்த அவையின் ஆயுள் முடியும்வரை அதே மசோதாவை மறுபடி கொண்டுவர முடியாது, அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்று அவர் விளக்கினார். அவள் தெருப் பிள்ளைகள் பதினேழு பேர் தினமும் அந்தத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதை இருவருமே பேச்சில் எடுக்கவில்லை.

“விடுங்கய்யா. உங்க பக்கத்துல விலைபோனவன் எவனோ, அவன் வெக்கப்படட்டும். நீங்க எதுக்குத் தலையக் குனியறீங்க?”

அவருக்குக் காதுமடல் சுட்டது. பையைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

கட்சி அறைக்குள் நுழைந்தபோது ஓட்டை மாற்றிப் போட்டது இவர்தான் என்று கொறடா ஆளையே பிடித்துவிட்டிருந்தார். ‘கொட்டாவி’ என்று எல்லோரும் கூப்பிடும் உறுப்பினர் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அவையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் வாய் பிளப்பார் என்பதைத் தவிர அவர்மேல் இதுவரை ஒரு குற்றமும் கிடையாது. ஆனால் போன வாரம் கேன்டீனில் மந்திரியோடு காப்பி குடித்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு காப்பிக்கு ஒரு ஓட்டா என்று கேட்டார் கொறடா. தொகுதிக்குப் பாலம் கேட்கப் போனதாகவும், காப்பிக்குக் காசு கொடுத்ததே தான்தான் என்றும் கொட்டாவி சொன்னார்.

“பாலமும் வரல, காசும் போச்சு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மேஜைமேல் கட்சியின் பெயர் அச்சிட்ட தாளில் நீக்கக் கடிதம் தயாராக இருந்தது. துரோகம் என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் வந்தது. வாசலில் நிருபர்கள் ஐந்து மணிக்காகக் காத்திருந்தார்கள். இருபத்தைந்து வருடம் சுவரொட்டி ஒட்டி, தடியடி பட்டு, இந்த நாற்காலிக்கு வந்த மனிதர் கொட்டாவி. பச்சையைத்தான் அமுக்கினேன் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னார். ஒவ்வொரு முகமும் ஜன்னல் பக்கம் திரும்பியது.

கொறடா பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு, கடைசி வரிசை உறுப்பினரைப் பார்த்தார்.

“அடிபட்டது நீங்கண்ணே. மன்னிச்சு விட்டுடலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, கட்சியில இருந்துட்டுப் போகட்டும். இல்லைன்னா கையெழுத்துதான்.”

எத்தனை சுலபமான வார்த்தை அது. சொல்லிவிட்டால் கொட்டாவிக்குப் பதவி தப்பும். தனக்குப் பெருந்தன்மைக்காரன் என்ற பெயரும் சும்மா வந்து சேரும். உறுப்பினர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

அதற்குள் கொட்டாவி முந்திக்கொண்டார். “மன்னிப்பெல்லாம் வேண்டாம்ணே. நான் செய்யலைன்னு நீங்க ஒருத்தர் நம்பினாப் போதும்.”

கொறடா கையெழுத்துப் போடப் பேனாவைத் தாளில் வைத்தார்.

கடைசி வரிசை உறுப்பினர் எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, அந்தத் தாளின்மேல் தன் கையை வைத்து மறைத்தார்.

“பழக்கத்துல சிவப்பை அமுக்கினது நான்தான்யா, எந்திரிச்சு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”