எங்கடை மிசின்தான்

சத்தம் தொடங்கியதும் பிரசவ வார்ட்டில் இருந்த பெண்கள் கட்டில்களுக்குக் கீழே போனார்கள்.

தொப். தொப். தொப்.

அருமைநாயகி மட்டும் நின்றாள். அவள் கையில் பாதி உறை போட்ட தலையணை இருந்தது. ஹெலிகொப்டரை விட அவளுக்கு வேறொரு பயம் பெரிதாக இருந்தது. மகள் ரெஜினா கட்டிலிலிருந்து இறங்கிவிடுவாளோ என்ற பயம்.

ரெஜினாவுக்கு வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். முதல் தடவை இந்தச் சத்தம் கேட்டபோது, பிள்ளையை அணைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே பாய்ந்தாள். தையல் பிரிந்து சட்டையெல்லாம் இரத்தம். இனியொரு முறை பிரிந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அன்றைக்குக் கேட்டது ஹெலியே இல்லை. மிசின்.

பருத்தித்துறை வெயிலில் ஒரு பெட்சீற் காய எவ்வளவு நேரம் எடுக்கும்? விரித்துவிட்டுத் திரும்புவதற்குள் மொறுமொறுவென்று ஆகிவிடும். ஆனால் ஆஸ்பத்திரிக் கொடியில் வெள்ளையாக எதுவும் தொங்கக் கூடாது என்று பொறுப்பாக இருந்த மதர் தடுத்துவிட்டார். பின் வளவில் வரிசையாகத் தொங்கிய சீற்றுகளைக் கூடாரம் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருநாள் ஹெலியில் வந்தவர்கள் சல்லடையாகச் சுட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் யாரோ வெளிநாட்டுப் புண்ணியவான் அனுப்பிய உலர்த்தும் மிசினைத் தகரக் கொட்டிலுக்குள் பொருத்தினார்கள்.

நல்ல மிசின்தான். பெட்சீற்றுகளுக்குத்தான் புத்தியில்லை. உள்ளே சுழலச் சுழல ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். பெரியது சின்னதை விழுங்கும். கடைசியில் எல்லாம் சேர்ந்து, நடுவில் ஈரத்தோடு, ஒரே பந்தாகிவிடும். அந்தப் பந்து மேலே ஏறித் தொப்பென்று விழும். மறுபடி ஏறும், விழும். இறுக இறுகச் சத்தமும் தடிக்கும். தகரம் அதிர்ந்து வார்ட்டுக்குள் கேட்கும்போது அசல் ஹெலிதான்.

தையல் பிரிந்த அன்று பின்னேரமே, ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் அருமைநாயகி அந்த மிசினோடு மல்லுக்கட்டி அதன் குணத்தைப் பிடித்துவிட்டாள். ஒரு தடவைக்கு நாலு சீற்றுக்கு மேல் போடக் கூடாது. ஒவ்வொன்றையும் நன்றாக உதறி, எதிரெதிர் மூலைகளைத் தளர்வாக முடிந்து போட வேண்டும். தலையணை உறைகளைச் சீற்றுகளோடு சேர்க்கவே கூடாது. பாதியில் நிறுத்தி, கை சுட்டாலும் பரவாயில்லை, பிரித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் பந்தும் இல்லை, சத்தமும் இல்லை.

கூட வேலை செய்யும் சிமியோனுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். தலையாட்டுவதில் சிமியோன் மன்னன். இன்று காலை துவைத்த சீற்றுகளை அவன் பொறுப்பில் விட்டுவிட்டு வார்ட்டுக்கு வரும்போதே அவளுக்கு மனம் கேட்கவில்லை.

ரெஜினா ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். கை பிள்ளையைத் தேடியது.

அருமைநாயகி தலையணையை எறிந்துவிட்டு ஓடிப்போய் மகளின் தோளைப் பிடித்துக் கட்டிலோடு அழுத்தினாள்.

"எழும்பாதை பிள்ளை! உது எங்கடை மிசின்தான். உவன் சிமியோன் எல்லாத்தையும் ஒண்டாய் அடைஞ்சு விட்டிட்டான்."

"விடுங்கோ அம்மா, கிட்ட வருகுது!"

"பந்து இறுகினால் அப்பிடித்தான் கேக்கும். நான் சொல்லுறன், படு!"

வார்ட் முழுவதற்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

ஒவ்வொரு தலையாக வெளியே வந்தது. மருமகளுக்குத் துணையாக நின்ற பூரணம் மாமி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சிமியோனின் பரம்பரையையே திட்டியபடி எழும்பினாள். யாரோ சிரித்தார்கள். பயந்து முடிந்தவர்களின் சிரிப்பு, அது சட்டென்று எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஒருவருக்கொருவர் கைகொடுத்து, எல்லோரும் மறுபடி கட்டில்களில் ஏறினார்கள்.

ரெஜினாவும் சாய்ந்தாள். அருமைநாயகி ஒரு கையால் அவளைப் பிடித்தபடி, மற்றக் கையால் வயிற்றுக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். இரத்தம் இல்லை. மாதாவே என்று மூச்சு விட்டாள். இனிப் போய் மிசினை நிறுத்திவிட்டு, சிமியோனை ஒரு வழி பண்ண வேண்டும்.

வாசலில் சிமியோனே ஓடி வந்து நின்றான். நெஞ்சோடு அணைத்திருந்த சீற்றுகளிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"என்ன சிமியோன், உன்ரை மிசினுக்கு நீயே பயந்து ஓடி வாறியோ?" என்றாள் பூரணம் மாமி. வார்ட் மறுபடி சிரித்தது.

சிமியோன் சிரிக்கவில்லை. கட்டில்களில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"மிசின் காலமை தொடக்கம் ஓடேல்லை அக்கா. பெல்ட் அறுந்துபோச்சு."

தொப் தொப் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அருமைநாயகியின் ஒரு கை, மகளை எழும்ப விடாமல், இன்னும் அந்தத் தோளை அழுத்திக்கொண்டிருந்தது.