இரண்டாண்டு வால்வு

சகலரும் அறிக! இனி ஓர் இதய வால்வுகூட வீணாகாது. மனித ஆயுள் எண்பது என்று அரசு வகுத்துவிட்டபடியால், அவரவர்க்கு மிச்சமிருக்கும் ஆண்டுகள் மட்டுமே உழைக்கும் வால்வு, மார்பைக் கிழிக்காமல், தொடை வழியே பொருத்தப்படும்.

சான்றிதழில் எழுபத்தெட்டு வயதான மருதையனுக்கு இரண்டாண்டு வால்வு ஒதுக்கப்பட்டது. அவர் அலுவலரின் மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"ஐயா, என் சேட்டை தாங்காம எங்கப்பா ரெண்டு வயசு கூட்டிச் சொல்லிப் பள்ளிக்கூடத்துல தள்ளிட்டாரு. நெசத்துல எழுபத்தாறுதான்யா. நாலு வருஷ வால்வா குடுங்க!"

"தாராளமா, பெரியவரே. பிறந்த தேதியைத் திருத்த மனு போடுங்க. ஒரு வருஷத்துல வந்துடும்."

வால்வில்லாமல் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மருதையன் இரண்டாண்டு வால்வுக்குக் கையெழுத்துப் போட்டார்.