முதல் கேஸ்

டிரில் பிடியில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பூங்கொடி ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணகிரியின் அந்தச் சின்ன எலும்பு ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸ் அவள்தான். நேற்று ஆயுத பூஜை. டிரில், சுத்தியல், ரம்பம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து ஒருநாள் ஓய்வு கொடுத்தவளும் அவள்தான். படைத்த பொரியில் ஒரு பொட்டலம் வீட்டுக்காரருக்கென்று எடுத்து வைத்திருந்தாள். மற்ற நர்ஸுகள் லீவில் போய்விட, ராத்திரி டூட்டியும் அவள் தலையில் விழுந்திருந்தது.

நேற்று மதியம் போச்சம்பள்ளியிலிருந்து ஒரு போன். கம்பெனி ஆள் ஒருத்தர் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது, உடனே கூட்டி வரட்டுமா என்று கேட்டார்கள்.

கால்தானே, உயிரா போகப்போகிறது என்று நினைத்தாள்.

"சாமானெல்லாம் பூஜையில இருக்குதுங்க. அங்கயே கட்டுப் போட்டுப் படுக்க வைங்க, காலையில முதல் கேஸா எடுத்துக்கலாம்."

மாடியில் குடியிருக்கும் டாக்டரிடம் கேட்கவில்லை. நல்ல நாளில் மனுஷன் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

டாக்டர்தான் முதலில் ஏறினார். ஏறியதும் கத்தினார். எலும்புக்குள்ளிருந்த கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போய்விட்டதாம். நேற்றே கம்பி வைத்து எலும்பை அசையாமல் பொருத்தியிருந்தால் அநேகமாக இந்த நிலைமை வந்திருக்காதாம். காலையில் வரச் சொன்னது யார் என்று கேட்டார்.

பூங்கொடி ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்தாள்.

மூச்சு இரைக்கக் கிடந்தவன் சுடலைமுத்து. அவள் புருஷன்.



"நேத்து போன் பண்ணது நான்தாங்கக்கா," என்றான் கம்பெனியிலிருந்து கூட வந்த மணிகண்டன். "நீங்கதான் போன எடுப்பீங்க, பயந்துடுவீங்க, பேரச் சொல்லாதடான்னு அண்ணன்தான் சொன்னாரு."

பூங்கொடி புருஷன் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். சுடலைமுத்து கண்ணைத் திறந்தான். அவள் வெள்ளை உடுப்பையும் முகத்தையும் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"சிஸ்டர்," என்றான் வாய் குழறி. "எம் பொண்டாட்டிட்ட சொல்லிராதீங்க."